பனி பெய்யும் ஊரில் பனிக்கட்டி ஏன் இல்லை?

மார்கழி, தை மாதங்களில் ஆண்டுதோறும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு: 'உதகையில் உறைபனி'. புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். காரின் கூரையில் படிந்த வெண்மையைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துக் காட்டிக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் நிற்பார்கள். அப்படிப்பட்ட படம் ஒன்றைக் கத்தரித்து வகுப்பிற்கு எடுத்து வந்திருந்தான் என் மாணவன் ஒருவன். காஞ்சிபுரத்தில் அந்த வாரம் வழக்கத்தைவிடக் குளிர் சற்று அதிகம்.

"சார், ராத்திரி ஒரு தட்டிலே தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியிலே வைத்தால் நம்ம ஊரிலேயும் ஐஸ் ஆகாதா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸில். இங்கே விடியற்காலையில்கூடக் காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. காற்று 0 டிகிரிக்கு வராமல் தண்ணீர் எப்படி உறையும்? உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று வீடு திரும்பும்போதுதான் என் தவறு எனக்கே உறைத்தது. காஞ்சிபுரத்தில் தண்ணீர் உறையாது என்றது சரி. ஆனால் அதற்கு நான் சொன்ன காரணம் தவறு. காற்று 0 டிகிரிக்கு வராமலேயே தண்ணீர் உறைவது உண்டு. குளிர்பதனப் பெட்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, நம் நாட்டின் சமவெளியில், மண் தட்டுகளில் கூடை கூடையாகப் பனிக்கட்டி எடுத்திருக்கிறார்கள்! சரியான விடைக்குத் தவறான காரணம் சொல்வது, தவறான விடை சொல்வதைவிடத் தீங்கானது. தவறான விடையை யாராவது ஒருவர் திருத்திவிடுவார். தவறான காரணமோ விடையின் நிழலில் ஒளிந்துகொண்டு அப்படியே நிலைத்துவிடும்.

அந்த மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடைதான் இந்தக் கட்டுரை.

பனி மேலிருந்து விழுகிறதா?

தமிழில் 'பனி' என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியுள்ளன. புல் நுனியில் நிற்கும் துளி பனி. கோபுரத்தை மறைக்கும் புகை போன்றது மூடுபனி. உதகைப் புல்வெளியில் வெளுத்துக் கிடப்பது உறைபனி. திடமாகக் கட்டியாகிவிட்டால் பனிக்கட்டி. நம் முன்னோர் ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டார்கள். மழையைச் சொல்வதைப் போலவே 'பனி பெய்கிறது', 'பனி இறங்குகிறது' என்றும் சொல்கிறோம். ஆனால் பனித்துளி உண்மையில் வானத்திலிருந்து இறங்குகிறதா?

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி இழை சரி பார்க்கும் நெசவாளர்களைக் கேட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் நூல் ஈரமாகும். வேப்பமரத்தடியில் அவ்வளவு ஆகாது என்பார்கள். மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கை காய்ந்திருக்க, வெட்டவெளியில் நிறுத்தியது நனைந்திருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். "மரம் குடைபோல் பனியைத் தாங்கிக்கொள்கிறது" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். புல்தரையில் நன்கு துலக்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றை இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். விடிந்ததும் புல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தாம்பாளத்தில் ஈரம் குறைவாகவே இருக்கும். மேலிருந்து விழும் பொருளாக இருந்தால் பனி, புல்லென்றும் பித்தளையென்றும் பேதம் பார்க்குமா? மழை அப்படிப் பார்ப்பதில்லையே!

இந்தப் புதிரைத் தீர்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். லண்டனில் வாழ்ந்த இவர், பல இரவுகள் தோட்டத்தில் கண்விழித்து, புல்லிலும் கம்பளி மயிரிலும் பலகையிலும் உலோகத் தகட்டிலும் பனி படிவதை ஒப்பிட்டுப் பார்த்தார். 1814-இல் 'பனித்துளி பற்றிய கட்டுரை' என்ற நூலை வெளியிட்டார். அவர் கண்ட உண்மை இதுதான்: பனி வந்து படிவதால் பொருள் குளிர்வதில்லை, பொருள் முதலில் குளிர்கிறது, அதனால்தான் அதன்மீது பனி படிகிறது. தெளிந்த இரவில் புல்லின் நுனி, அதைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், காற்றிலுள்ள நீராவி அப்புல்லின்மீது துளியாகிறது.

சுற்றியுள்ள காற்றைவிடப் புல் எப்படிக் குளிர முடியும்? அதன் வெப்பத்தைப் பறித்துக்கொண்டது யார்?

வானம் என்னும் குளிர்ந்த கூரை

அடுப்பின் எதிரே நின்றால் முகத்தில் சூடு படுகிறது. அடுப்பைத் தொடவில்லை, இடையிலுள்ள காற்றும் அவ்வளவு சூடாக இல்லை. அடுப்பு வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. அடுப்பு மட்டுமல்ல, நீங்கள், நான், சுவர், தண்ணீர் எல்லாமே இரவும் பகலும் வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் அவை. 20 டிகிரியில் உள்ள நீர்ப்பரப்பு, சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 வாட் என்ற வீதத்தில் இவ்வாறு வெப்பத்தை வீசுகிறது. பழைய குண்டு பல்புகளில் நூறு வாட் பல்பு நான்கின் ஆற்றல்!

அப்படியானால் எல்லாப் பொருள்களும் உறைந்து போகாதது ஏன்? கொடுக்கும் பொருள்கள் யாவும் வாங்கவும் செய்கின்றன. அறைக்குள் வைத்த தட்டு நீர், சுவருக்கும் கூரைக்கும் 400 வாட் கொடுத்தால் அவையும் ஏறக்குறைய அதே அளவைத் திருப்பித் தருகின்றன. வரவும் செலவும் சமம்.

தட்டை மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். இப்போது அதற்குக் கூரை வானம். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. தடுத்துத் திருப்பி அனுப்புபவை முக்கியமாக நீராவி, கரியமிலவாயு, மேகம் ஆகியவை. அவற்றிலும் நீராவியும் கரியமிலவாயுவும் எல்லாக் கதிர்களையும் தடுத்துவிட முடிவதில்லை. 8 முதல் 13 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களுக்கு வளிமண்டலத்தில் ஒரு சாளரம் திறந்தே கிடக்கிறது. 20 டிகிரியில் உள்ள பொருள் மிகுதியாக வீசுவது 10 மைக்ரானை ஒட்டிய கதிர்களைத்தான். அவை இந்தச் சாளரத்தின் வழியே நேராக விண்வெளிக்குப் போய்விடுகின்றன. மேகமற்ற, வறண்ட இரவில் வானம் நம் தலைக்கு மேலே, தரையைவிட 20 டிகிரிக்கும் மேல் குளிர்ந்த ஒரு கூரையைப் போல நடந்துகொள்கிறது. வரவு குறைந்து செலவு மிகுகிறது. தண்ணீர் குளிரத் தொடங்குகிறது.

மரத்தடியில் ஏன் பனி குறைவு என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மரம் பனியைத் தாங்குவதில்லை. அது வானத்தை மறைக்கிறது. பளபளப்பான உலோகம் கதிர்வீசுவதில் மகா கஞ்சன். ஆகவே பித்தளைத் தாம்பாளம் அதிகம் குளிர்வதில்லை. வெட்டவெளியில் படுத்தால் போர்வை ஈரமாவதற்கும், பந்தலின் கீழ் படுத்தால் ஆகாததற்கும் இதுவே காரணம்.

அலகாபாத்தின் பனிக்கட்டிக் குழிகள்

வெல்ஸ் இதை நூலாக எழுதுவதற்கு முன்பே, இந்தக் குளிர்ந்த கூரையைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் தங்கியிருந்த சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் அவர்கள் வேலையைக் கண்டு எழுதிய குறிப்பு, 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

திறந்த வெளியில், பக்கத்துக்குச் சுமார் 30 அடி நீள அகலமும் 2 அடி ஆழமும் உள்ள குழிகளை வெட்டுவார்கள். அடியில் முக்கால் அடி முதல் ஓரடி கனத்திற்குக் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ பரப்புவார்கள். அதன்மேல், மெருகிடாத சிறு மண் தட்டுகளை வரிசை வரிசையாக நெருக்கி வைப்பார்கள். தட்டின் ஆழம் ஒன்றேகால் அங்குலம்தான். அந்தி சாயும் வேளையில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அவற்றில் ஊற்றிவிட்டுப் போவார்கள். சூரியன் உதிக்குமுன் வந்து, தட்டுகளில் உறைந்திருப்பதைக் கூடைகளில் சேகரிப்பார்கள். வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் விரித்த 14, 15 அடி ஆழமுள்ள வேறொரு குழியில் அதைக் கொட்டி இடித்துக் கெட்டித்து, வாயை வைக்கோலால் அடைத்து, மேலே கூரை வேய்ந்துவிடுவார்கள். கோடையில் சர்பத்தைக் குளிர வைக்க அது பயன்பட்டது.

அலகாபாத்தில் இருந்த காலம் முழுவதும் இயற்கையாக எங்கும் தண்ணீர் உறைந்ததைத் தாம் கண்டதில்லை என்று பார்க்கர் எழுதுகிறார். குளத்தில் உறையாத தண்ணீர் தட்டில் உறைந்தது!

அவர் குறித்துள்ள இன்னொரு செய்திதான் விந்தையிலும் விந்தை. உடம்பு நடுங்கும்படி குளிர் கடித்த இரவுகளில் சில சமயம் பனிக்கட்டி கிடைக்கவில்லை. அதைவிட வெதுவெதுப்பான, ஆனால் காற்றசையாத தெளிந்த இரவுகளில் தட்டு அடிவரை உறைந்திருந்தது. காற்று திசை மாறிக்கொண்டே இருந்தாலும் மேகம் வந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்.

இதற்கு விடை உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். வீசும் காற்று 5 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் தோலின் வெப்பநிலை 30 டிகிரிக்கும் மேல். ஆகவே அக்காற்று நம்மிடமிருந்து வெப்பத்தைப் பறிக்கிறது, நடுங்குகிறோம். தட்டிலுள்ள தண்ணீரோ 0 டிகிரியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்தக் காற்று குளிர்ந்த காற்றல்ல, வெந்நீர் ஒத்தடம்! வானம் எடுத்துச் செல்லும் வெப்பத்தைக் காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. நமக்குக் குளிரும் இரவும் தண்ணீருக்குக் குளிரும் இரவும் ஒன்றல்ல. குழி வெட்டியது காற்றைத் தடுக்க. தட்டை பரப்பியது கீழே நிலத்திலிருந்து வெப்பம் ஏறாமல் தடுக்க. மேல்பக்கம் மட்டும் வானத்திற்குத் திறந்திருந்தது.

மண் தட்டிலிருந்து நீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி என்று பலர் அந்நாளில் நினைத்தார்கள். பானை நீர் குளிர்வதை அறிந்த நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆவியாதலும் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் முதன்மையான காரணம் கதிர்வீச்சே என்று வெல்ஸ் தம் நூலில் சோதனைகளைக் கொண்டு நிறுவினார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தண்ணீர் இருந்தால் அதன் எடை 10 கிலோகிராம். அதை 1 டிகிரி குளிர்விக்க 42 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். வறண்ட இரவில் வரவு செலவு போக நிகரமாக 80 வாட் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், 1 டிகிரி குறைய ஏறத்தாழ 9 நிமிடம் போதும். 10 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வர ஒன்றரை மணி நேரம்.

ஆனால் 0 டிகிரிக்கு வந்துவிட்டால் மட்டும் தண்ணீர் உறைந்துவிடாது. ஒவ்வொரு கிராமும் உறைவதற்கு 334 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 3,340 கிலோஜூல். தண்ணீர் குளிரக் குளிர அதன் கதிர்வீச்சும் குறைகிறது. காற்றும் சிறிது வெப்பம் தருகிறது. நிகரமாக 45 வாட்தான் மிஞ்சுகிறது என்று கொண்டால், எட்டு மணி நேரத்தில் 4 மில்லிமீட்டர் கனத்துக்குக் கட்டியாகும். ஆழமான பாத்திரத்தை வைத்தால் இரவு முழுவதும் குளிர்வதிலேயே கழிந்துவிடும். தட்டு ஏன் அவ்வளவு ஆழமில்லாமல் இருந்தது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

எங்கள் மொட்டை மாடிச் சோதனை

கேள்வி கேட்ட மாணவனையும் இன்னும் மூவரையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம். பெரிய செலவில்லை.

ஒரே அளவுள்ள நான்கு மண் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தட்டை வெறும் தளத்தின்மீது வையுங்கள். இரண்டாவதைக் காய்ந்த வைக்கோல்மீதோ தெர்மாகோல் அட்டைமீதோ வையுங்கள். மூன்றாவதையும் அவ்வாறே வைத்து, நீர்ப்பரப்பை மூடும்படி சில சொட்டு எண்ணெய் விடுங்கள். ஆவியாதலை இது தடுக்கும். நான்காவதை வைக்கோலின்மேல் வைத்து, அதற்கு மேலே ஒரு கட்டிலைப் போடுங்கள். காற்றின் வெப்பநிலையை அறிய, வானம் தெரியாத இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்க விடுங்கள். இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரை இயன்றபோதெல்லாம் குறித்து வாருங்கள்.

மேகமில்லாத இரவில் நாங்கள் கண்டது இது. கட்டிலுக்கு அடியில் இருந்த தட்டு ஏறத்தாழக் காற்றின் வெப்பநிலையிலேயே நின்றது. வெறும் தளத்தில் வைத்த தட்டு அதைவிடவும் சூடாக இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அதற்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. வைக்கோல்மேல் வானம் பார்த்திருந்த இரண்டு தட்டுகளும் காற்றைவிட இரண்டு டிகிரியளவு இறங்கின. எண்ணெய் விட்டதும் இறங்கியது என்பதைக் கவனியுங்கள். ஆவியாதல் இல்லாமலேயே குளிர்ந்தது!

மாணவர்கள் துள்ளினார்கள். "இப்படியே போனால் விடியறதுக்குள்ளே எவ்வளவு இறங்கும் சார்?" என்றான் ஒருவன். ஆனால் அப்படியே போகவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு வெப்பமானி மெல்ல மெல்ல இறங்கி, ஓரிடத்தில் நின்றேவிட்டது. அந்த வேளையில் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தோம். விரல் நனைந்தது. பனி.

பனியே தடை

நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய காரணம் அந்த விரல் நுனியில் இருந்தது.

காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும். அதைப் பனிநிலை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வங்கக்கடல் வெகு தொலைவில் இல்லை. மார்கழியிலும் நம் காற்று ஈரமுள்ள காற்றுதான். 20 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 18 டிகிரி. அதாவது வானம் இழுக்கும் குளிர்ச்சி இரண்டு டிகிரி போவதற்குள் பனி குறுக்கே வந்து நிற்கிறது.

நீராவி துளியாகும்போது, தான் ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2,450 ஜூல்! ஒரு கிராம் தண்ணீர் உறைவதற்கு வெளியேற்ற வேண்டியது 334 ஜூல்தான் என்று பார்த்தோம். ஆகவே தட்டின்மேல் ஒரு கிராம் பனி படிந்தால், ஏழு கிராம் பனிக்கட்டியை உண்டாக்கியிருக்கக்கூடிய குளிர்ச்சி வீணாகிவிடுகிறது. வானம் எடுப்பதைப் பனி கொடுத்துவிடுகிறது. அது மட்டுமல்ல, காற்றில் மிகுந்துள்ள நீராவி, வளிமண்டலச் சாளரத்திற்கும் அரைத்திரை போட்டுவிடுகிறது.

நம் ஊரில் பனிக்கட்டி உண்டாகாததற்குக் குளிர் போதாமை ஒரு பாதிக் காரணமே. மறுபாதிக் காரணம் பனி! பனி பெய்வதால்தான் பனிக்கட்டி இல்லை.

அலகாபாத்தின் குளிர்காலக் காற்று நம்முடையதைவிடக் குளிர்ந்தது, வறண்டது. அங்கே பனிநிலை வெகு கீழே இறங்கக்கூடியது. சென்னைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேறி உலகைச் சுற்றி வந்தது. 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த அது, பிறகு சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிப்பதற்காகக் கடற்கரையில் 1842-இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான் இன்று மெரினாவில் நாம் காணும் விவேகானந்தர் இல்லம்.

மலையில் உள்ளவர்கள் செய்து பார்க்க

உதகை, கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும் வாசகர்களைப் பார்த்து எங்களுக்குப் பொறாமைதான். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. தலைக்கு மேலுள்ள காற்றும் நீராவியும் அந்த அளவுக்குக் குறைவு. தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களுக்குச் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று வழிந்து வந்து தேங்கும். ஆள் உயரத்தில் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும் போதே, தரையில் புல் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். தேயிலைக் கொழுந்து கருகுவது இதனால்தான். கொழுந்தின்மேல் காய்ந்த செடிகளையோ வலையையோ போர்த்துவது, குளிர்ந்த காற்றைத் தடுப்பதற்கு மட்டுமல்ல, வானத்தை மறைப்பதற்கும்தான்.

அத்தகைய தெளிந்த, காற்றசையாத இரவில், பள்ளமான புல்வெளியில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அகன்ற தட்டில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ச்சி ஆறவைத்த நீர் நல்லது. கரைந்த காற்று குறைவாக இருப்பதால் கட்டியில் குமிழ்கள் குறையும். தண்ணீரில் நாலைந்து பூவிதழ்களையும் ஒரு பெரணி இலையையும் மிதக்க விடுங்கள். நூல் ஒன்றை வளையமாக்கி, அதன் இரு நுனிகளும் நீரில் அமிழும்படி விளிம்பில் வையுங்கள். விடியுமுன் போய், தட்டின் அடியை உள்ளங்கையால் சற்று நேரம் தாங்கினால், பூ பதித்த கண்ணாடி வட்டம் ஒன்று கழன்று வரும். நூலைக் கிளையில் கட்டித் தொங்க விட்டு உதய சூரியனை அதன் வழியே பாருங்கள்.

இன்னும் பெரிய அளவில் இந்த வேலையைச் செய்பவர்கள் லடாக்கில் இருக்கிறார்கள். அங்கே வானத்தின் துணை அவ்வளவு தேவையில்லை. குளிர்காலக் காற்றே 0 டிகிரிக்கு வெகு கீழே இருக்கிறது. பொறியாளர் செவாங் நோர்பெல் 1980-களிலிருந்து ஓடை நீரை மலைச்சரிவில் தேக்கி உறைய வைத்து, செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். சோனம் வாங்சுக் 2013-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து பனிக்கட்டிக் கோபுரங்களை எழுப்பத் தொடங்கினார். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து குழாயில் தண்ணீரைக் கீழே கொண்டுவந்தால், உயர வேறுபாட்டின் அழுத்தத்தாலேயே அது நிமிர்த்திய குழாயின் உச்சிக்கு ஏறிப் பூவாகச் சிதறும். எந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். துளிகள் விழும்போதே குளிர்ந்து, கீழே உறைந்து, கூம்பாக வளர்கின்றன. கூம்பு வடிவம் அழகுக்காக அன்று. அதே அளவு நீரைத் தரையில் பரப்பினால் வெயில் படும் பரப்பு மிகுதி; கூம்பில் குறைவு. அதனால் வசந்தம்வரை உருகாமல் நின்று, ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்குத் தண்ணீர் தருகிறது. நமக்கு வேடிக்கையான பனிக்கட்டி அவர்களுக்கு வயலின் உயிர்.

காஞ்சிபுரத்தில் உறைபனி

நாம் மட்டும் வெறுங்கையோடு இருக்க வேண்டுமா? நம் காற்றின் ஈரத்தையே நமக்குத் துணையாக்கிக் கொள்வோம். ஓர் எவர்சில்வர் டம்ளரில், பொடியாக உடைத்த ஐஸ் மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பைக் கலந்து நன்றாகக் கிளறி, மார்கழிக் காலையில் திண்ணையில் வையுங்கள். கலவையின் வெப்பநிலை 0 டிகிரிக்கு வெகு கீழே போகும். டம்ளரின் வெளிப்புறத்தில் முதலில் பனித்துளி படியும். சில நிமிடங்களில் அது வெளுத்து, ஊசி ஊசியாய் உறைபனி வளரும். வறண்ட ஊரில் இவ்வளவு அடர்த்தியாக வளராது! ஈர விரலால் மட்டும் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டு தோலைப் புண்ணாக்கிவிடும்.

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். 2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அஸ்வத் ராமன் முதலியோர், வெயிலை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பிவிட்டு, 8 முதல் 13 மைக்ரான் சாளரத்தின் வழியே மட்டும் வெப்பத்தை வீசும் ஒரு மெல்லிய தகட்டைச் செய்தார்கள். நேர் வெயிலில், மின்சாரம் ஏதுமின்றி, அது சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்தது. அலகாபாத் தட்டு இரவில் செய்த வேலையை இது பகலில் செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஐந்து டிகிரி என்பது சிறிய எண் அன்று. ஆனால் ஈரக் காற்று இங்கேயும் குறுக்கே நிற்கும். வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்வது கடலோரத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்கள்தாம் அளந்து பார்க்க வேண்டும்.

அதற்குத் தேவையான முதல் கருவி ஒரு மண் தட்டும் ஒரு வெப்பமானியும்தான். உங்கள் ஊரில், மேகமில்லாத ஒரு இரவில், தட்டு காற்றைவிட எத்தனை டிகிரி இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். மதுரையில் ஒரு எண் வரும், நாகப்பட்டினத்தில் வேறு வரும், ஓசூரில் இன்னொன்று. பனி எப்போது படியத் தொடங்கியது என்பதையும் எழுத மறவாதீர்கள்.

வகுப்பில் நான் மறுபடியும் இந்தக் கதையைச் சொல்லி, அன்று சிரித்தது தவறு என்றும் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன் எழுந்து, "தட்டை வெளியிலே வைக்கலேன்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்காது இல்லையா சார்?" என்றான்.

தெரிந்திருக்காதுதான்.